குட்டி டிவிடி ஹேண்டிகேம் வீடியோக்கள்: டிஸ்க்கிலிருந்து எடுத்து, எடிட் செய்து, பத்திரப்படுத்த முழுமையான வழிகாட்டி

எங்கள் ஆச்சியின் குரல் வீட்டில் இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டி டிவிடியில், அக்கா மகனுக்குக் காது குத்தியபோது எடுத்த வீடியோவில். சாஸ்தா கோயில் ஆலமரத்தடி. குழந்தை என் மடியில் இருக்கிறான். கேமரா அவன் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆசாரி கம்பியை முறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அழாதல என் ராசா, முடிஞ்சிட்டுல்லா." நாலு வினாடி. ஆச்சி படத்தில் வரவே இல்லை, குரல் மட்டும்தான்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் வீடு பால்காய்ப்புக்கு எடுத்த வீடியோவில் ஆச்சி நிறையப் பேசியிருந்தாள். அதை ஊரில் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங்குக்குக் கொடுத்தோம். ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டை ஓடவிட்டு, பேச்சு முழுவதையும் அமுக்கித் திருப்பித் தந்தார்கள். மூல டிஸ்க் திரும்பத் திரும்ப எழுதக்கூடிய வகை. அடுத்த விசேஷத்துக்கு அதையே அழித்துப் பயன்படுத்திவிட்டோம். இன்று அந்த வீடியோவில் ஆச்சியின் உதடு அசைகிறது, பாட்டு கேட்கிறது.

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்லப்போவது இரண்டே விஷயம். எடிட்டிங்கில் கை வைக்கும் முன் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள். எடிட் செய்யும்போது பேச்சுக் குரலைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் பொறுமையாகச் செய்தால் யாருக்கும் வரும்.

உங்கள் கையில் இருப்பது எந்த டிஸ்க்?

டிஸ்க்கில் நேராகப் பதியும் ஹேண்டிகேமை முதலில் கொண்டுவந்தது ஹிட்டாச்சி, 2000-ஆம் ஆண்டில். 2003-இல் சோனி இறங்கியது. பானசோனிக், கேனான் மாடல்களும் வந்தன. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் பெட்டியில் இந்தக் கேமராக்கள் நிறைய வந்து இறங்கின. எங்களுடையதும் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததுதான். கேசட்டை ரீவைண்டு செய்ய வேண்டாம், எடுத்த டிஸ்க்கை அப்படியே டிவிடி பிளேயரில் போடலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி.

டிஸ்க்கின் குறுக்களவு 8 செ.மீ. ஒரு பக்கம் 1.4 ஜிபி பிடிக்கும். உயர்தரத்தில் எடுத்தால் சுமார் 20 நிமிடம், நடுத்தரத்தில் 30 நிமிடம், குறைந்த தரத்தில் 60 நிமிடம். நம் வீடுகளில் பெரும்பாலும் டிஸ்க் விலையை நினைத்து 60 நிமிடத்தில்தான் எடுத்திருப்பார்கள். அப்படி எடுத்த படத்தில் வேகமான அசைவு வரும் இடங்கள் கட்டம் கட்டமாக உடையும். அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

டிஸ்க்கைத் திருப்பி மையத்தைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டிவிடி மைனஸ் ஆர் என்றால் ஒருமுறைதான் எழுத முடியும், அழிக்க முடியாது. ஆர்டபிள்யூ என்றால் அழித்து எழுதலாம். அதனால் இந்த வகை டிஸ்க்கை மட்டும் வீட்டில் யார் கைக்கும் எட்டாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ராம் என்று போட்டிருந்தால், அதைப் படிக்க அந்த வகையை ஏற்கும் டிரைவ் தேவை. எல்லா டிரைவும் ஏற்காது. 2006 முதல் வந்த சில கேமராக்கள் இதே குட்டி டிஸ்க்கில் ஏவிசிஎச்டி முறையில் எச்.டி. படம் பதிந்தன. டிஸ்க் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சாதாரண டிவிடி பிளேயரில் ஓடாது. அதைப் பார்த்து டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க்: பெரும்பாலான இழப்பு இங்கேதான்

காதுகுத்து டிஸ்க்கை முதலில் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தபோது, "இது வெறும் டிஸ்க், உள்ளே ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உள்ளே 26 நிமிடம் இருந்தது. ஃபைனலைஸ் செய்யாமல் விட்டதுதான் காரணம்.

கேமரா ஒவ்வொரு காட்சியாகப் பதிந்துகொண்டே போகும். ஆனால் எந்தக் காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணையைக் கடைசியில் எழுதி மூடினால்தான் மற்ற கருவிகளுக்கு டிஸ்க் புரியும். அந்த மூடும் வேலைக்குப் பெயர்தான் ஃபைனலைஸ். செய்யாவிட்டால் படம் டிஸ்க்கில் இருக்கும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி உள்வட்டத்திலிருந்து தொடங்கி ஒரு நிறத்தில் இருக்கும், எழுதாத பகுதி சற்று வேறு நிறத்தில் இருக்கும். மைனஸ் ஆர் டிஸ்க்கில் அந்த வளையம் கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று உறுதியாக நம்பலாம்.

பழைய கேமரா இன்னும் வேலை செய்தால் டிஸ்க்கை அதற்குள் போடுங்கள். பேட்டரியை நம்பாமல் சார்ஜரை நேராகச் செருகுங்கள். பல மாடல்கள் கரண்டில் இருந்தால்தான் ஃபைனலைஸ் செய்யவே சம்மதிக்கும். மின்வெட்டு நேரமாகப் பார்த்துத் தொடங்காதீர்கள். முடியும்வரை கேமராவை அசைக்கவும் கூடாது. மெனுவில் ஃபைனலைஸுக்குப் பக்கத்திலேயே ஃபார்மேட் என்று ஒன்று இருக்கும். அது எல்லாவற்றையும் அழித்துவிடும். இரண்டையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு அழுத்துங்கள். கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டாலும் கேன்சல் கொடுத்துவிட்டு டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேமரா செத்துப்போயிருந்தால் அதே கம்பெனியின் அதே வரிசைக் கேமரா சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் ஒரு போட்டோ போட்டால் யாராவது ஒரு பெரியப்பா பரணிலிருந்து எடுத்துத் தருவார். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதுவும் வழியில்லை என்றால் ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் ஃபைனலைஸ் செய்யாத கேமரா டிஸ்க்குகளையும் துழாவி உள்ளே இருக்கும் காட்சிகளை எடுத்துத் தரும். முழு வசதிக்குக் காசு கட்ட வேண்டும். ஒரே ஒரு டிஸ்க்குக்காக என்றாலும் கட்டலாம்.

டிரைவும் துடைப்பதும்

வாய்போலப் பிளவு மட்டும் இருந்து டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவ்களில் குட்டி டிஸ்க்கைப் போடவே கூடாது. பழைய ஆப்பிள் லேப்டாப்களிலும் கார் பிளேயர்களிலும் இருப்பது அந்த வகை. உள்ளே போனால் திரும்ப வராது. தட்டு வெளியே வரும் டிரைவ்தான் வேண்டும். தட்டில் பெரிய பள்ளத்துக்குள் இன்னொரு சின்ன வட்டப் பள்ளம் இருக்கும், 8 செ.மீ. டிஸ்க் அதில் உட்காரும். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று வாங்கினால் போதும், ஒரு குடும்பத்தின் எல்லா டிஸ்க்குக்கும் அது ஓடும்.

டிஸ்க்கில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். தகவல் வட்டமாகச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவ் தானே ஈடுகட்டிக்கொள்ளும், எழுத்தின் தடத்தோடு ஓடும் கீறல் ஒரு நீளப் பகுதியையே தின்றுவிடும். பற்பசை தேய்க்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

டிஸ்க்கிலிருந்து எடுப்பது

டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற போல்டர் தெரியும். அதற்குள் விஓபி என்று முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். படமும் ஒலியும் அவற்றில்தான். கூடவே ஐஎஃப்ஓ, பியுபி என்று சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கும். ஒன்று அட்டவணை, மற்றது அதன் நகல்.

முதல் வேலையாக அந்தப் போல்டரை மட்டும் இழுத்துப் போடாமல் டிஸ்க் முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்துவிடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன் இலவசமாகச் செய்து தரும். டிஸ்க்கின் அச்சு அசல் அதுதான். நாளைக்கு டிஸ்க் உரிந்துபோனாலும் இந்த ஒரு ஃபைலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுக்கலாம்.

கீறல் விழுந்த டிஸ்க் பாதியில் நின்று முனகும். திரும்பத் திரும்பப் படிக்கவிட்டால் டிரைவ் ஒரே இடத்தில் மணிக்கணக்காக முட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் பழக்கமுள்ளவர் பக்கத்தில் இருந்தால் டிடிரெஸ்க்யூவை ஓட்டச் சொல்லுங்கள். அது கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் முதலில் நல்லதையெல்லாம் எடுத்துவிடும். பிறகுதான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு ஃபைலும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அதே டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு விட்ட இடங்களை மட்டும் நிரப்பலாம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொரு டிரைவ் சுலபமாகப் படிப்பது அடிக்கடி நடக்கும். அதனால் ஒரே டிரைவில் பார்த்துவிட்டு டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

ஐஎஸ்ஓ கையில் வந்ததும் மேக்எம்கேவி என்ற மென்பொருளில் அதைத் திறந்து எம்கேவி ஃபைலாக மாற்றுங்கள். டிவிடிக்கு இது இலவசம். இது படத்தை மறுபடி சுருக்குவதில்லை, உள்ளே இருப்பதைப் புதுப் பெட்டியில் எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு செட்டிங்கை மட்டும் கவனியுங்கள். 120 வினாடிக்குக் குறைவான பகுதிகளை இது தானாகவே விட்டுவிடும். சினிமா டிவிடியில் அது விளம்பரத் துணுக்கு, உங்கள் டிஸ்க்கில் குழந்தையின் முதல் நடையாக இருக்கலாம். செட்டிங்கில் அந்த எண்ணை 1 ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

விஓபி ஃபைல்களைத் தனித்தனியாக எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போடலாமே என்று பலர் நினைப்பார்கள். வேண்டாம். டிவிடி முறையில் ஒரு விஓபி ஏறக்குறைய 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதனால் நீளமான பதிவு அந்த அளவை எங்கு எட்டுகிறதோ அங்கே, ஒரு வார்த்தையின் நடுவில்கூட, வெட்டி அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். தனித்தனியாகப் போட்டால் அந்த இணைப்பில் ஒரு துள்ளலும் ஒரு 'டிக்' சத்தமும் வரும், ஒலி உதட்டோடு ஒட்டாமல் நகரவும் கூடும்.

டிஸ்க்கில் வீடியோ டிஎஸ் இல்லாமல் டிவிடி ஆர்டிஏவி என்ற போல்டர் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆர்டபிள்யூ, ராம் டிஸ்க்குகளில் விஆர் முறையில் பதிந்தால் அப்படித்தான் இருக்கும். உள்ளே விஆர்ஓ என்று முடியும் ஒரே பெரிய ஃபைல் இருக்கும். அதைக் காப்பி எடுத்து, காப்பியின் வால்பெயரை எம்பிஜி என்று மாற்றினால் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரிலும், வீடியோவை வேறு வகைக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளிலும் திறக்கும்.

பெயரும் தேதியும்

ஃபைலுக்குப் பெயர் வைப்பதை நாளைக்குத் தள்ளாதீர்கள். டிஸ்க்குக்கு மார்க்கரால் ஓர் எண் போடுங்கள். சிடியில் எழுதுவதற்கென்றே விற்கும் பேனா வேண்டும், காகித லேபிள் ஒட்டக் கூடாது. அதே எண்ணை ஃபைல் பெயரிலும் வையுங்கள். வருடம், மாதம், நாள், டிஸ்க் எண் என்ற வரிசையில் வைத்தால் கம்ப்யூட்டர் தானே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

தேதி தெரியாத டிஸ்க்குகள்தான் தலைவலி. கேமரா கடிகாரத்தைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் சரி செய்திருக்க மாட்டார்கள். எங்கள் கேமராவில் எல்லாமே ஜனவரி 1 என்று இருந்தது. நான் கண்டுபிடித்த வழி சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டர். வீட்டுக்குள் எடுத்த எந்தக் காட்சியிலும் கேமரா ஒருமுறையாவது அதைத் தாண்டிப் போகும். அந்த இடத்தில் நிறுத்தினால் பெரிய எழுத்தில் இருக்கும் தேதி எண் பெரும்பாலும் படிக்க முடியும். சிவப்பு எண்ணாக இருந்தால் ஞாயிறு அல்லது விடுமுறை நாள். அதோடு விசேஷத்தின் அழைப்புப் பத்திரிகையை ஒத்துப் பார்த்தால் நாள் கிடைத்துவிடும்.

முழுசாக ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்

எடிட்டிங் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு வி.எல்.சி.யில் முழுசாகப் பாருங்கள். முடிந்தால் அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். பந்தலில் நிற்கும் நாற்பது பேரில் பாதிப் பேர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். நிமிடக் கணக்கைப் போட்டு, யார், என்ன பேசுகிறார்கள் என்று எழுதுங்கள்.

அதே படத்தை இரண்டாம்முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆச்சியின் குரலை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். பார்க்கும்போது கண் குழந்தையின் காதிலேயே நின்றுவிட்டது, குரல் காதில் விழவே இல்லை. கேமரா பிடித்தவர், பின்னால் நிற்பவர், திரைக்கு வெளியே அடுப்படியில் இருப்பவர் என எல்லோரும் ஒலியில்தான் இருப்பார்கள்.

படத்தை எடிட்டிங்குக்குத் தயார் செய்வது

இந்தக் கேமராக்கள் பதிந்தது எம்பெக் 2 முறையில். ஒவ்வொரு பிரேமும் முழுப்படமாக இருக்காது. ஒரு முழுப்படம், அதன்பின் சுமார் அரை வினாடிக்கு மாற்றங்கள் மட்டும், பிறகு மறுபடி ஒரு முழுப்படம் என்று போகும். அதனால்தான் எடிட்டரில் முன்னும் பின்னும் நகர்த்தும்போது படம் திக்குகிறது.

வெட்டி எறிவது மட்டும்தான் நோக்கம் என்றால் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் போதும். மறுபடி சுருக்காமல் வெட்டும், தரம் கொஞ்சமும் குறையாது. ஆனால் முழுப்படம் இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும், அரை வினாடி முன்பின் ஆகும். கேமராவை நிறுத்த மறந்து பத்து நிமிடம் தரையையே எடுத்த பகுதியைத் தூக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மற்றபடி ஹேண்ட்பிரேக்கில் ஓர் எடிட்டிங் காப்பி போட்டுக்கொள்ளுங்கள். இங்கே இன்டர்லேஸ் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் டிவிக்கான பால் (PAL) என்ற முறையில் ஒரு வினாடிக்கு 25 பிரேம். ஆனால் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் ஒருமுறை என்று எடுக்கப்பட்டது. ஆக வினாடிக்கு 50 கணங்கள். பழைய டிவி இரண்டையும் மாறி மாறிக் காட்டியது, கண்ணுக்குத் தெரியவில்லை. இன்றைய திரையில் இரண்டும் ஒன்றாக வந்து, ஓடும் குழந்தையின் கை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழுகிறது.

ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பிடபிள்யூடிஃப் (Bwdif) தேர்ந்தெடுத்து, அதிலேயே பாப் என்ற வகையை வையுங்கள். 50 கணங்களும் 50 பிரேம்களாக வரும், அசைவு பழைய டிவியில் பார்த்த அதே வழவழப்போடு இருக்கும். சாதாரணமாக விட்டால் பாதி அசைவு போய்விடும். கும்மியடிப்பதையும் கோலாட்டத்தையும் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிரேம் எண்ணிக்கையை மூலத்தைப் போலவே, மாறாத வேகத்தில் என்று வையுங்கள். தர எண்ணை 16-க்கும் 18-க்கும் நடுவில் வைத்தால் போதும். தானாக ஓரம் வெட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், இருட்டுக் காட்சிகளில் அது தப்பாக வெட்டிவிடும்.

அளவு விஷயத்திலும் ஒரு பொறி உண்டு. டிஸ்க்கில் படம் 720-க்கு 576 என்று இருக்கும். ஆனால் அதன் புள்ளிகள் சதுரம் அல்ல. 4:3 படம் சதுரப் புள்ளியில் 768-க்கு 576 ஆகவும், 16:9 படம் 1024-க்கு 576 ஆகவும் விரிய வேண்டும். விரிக்காமல் விட்டால் முகம் நசுங்கித் தெரியும். 4:3 படத்தை அகலத் திரை முழுக்க நிரப்பும்படி இழுத்தால் எல்லோரும் குட்டையாகவும் குண்டாகவும் தெரிவார்கள். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த கேமராவில் எடுத்தது என்றால் 720-க்கு 480, வினாடிக்கு ஏறக்குறைய 30 பிரேம். அதையும் இதையும் ஒரே டைம்லைனில் கலந்தால் ஏதாவது ஒன்று திக்கும். தனித்தனி வீடியோவாகவே செய்துவிடுவது நல்லது.

வெட்டுவது

ஷாட்கட், கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். நான் ஷாட்கட்டில் செய்கிறேன். புதுப் புராஜெக்ட் தொடங்கும்போதே வினாடிக்கு 50 பிரேம் என்று அமைத்துவிடுங்கள்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் செய்வது போலப் பூ சுழன்று வருவது, பக்கம் புரள்வது, இதயம் வெடிப்பது எதையும் சேர்க்க வேண்டாம். நேராக வெட்டி ஒட்டினால் போதும். இடம் மாறும்போது மட்டும் ஒரு மெதுவான மங்கல் வைக்கலாம்.

எதை வெட்டுவது? கேமராவை ஆன் செய்ததும் வரும் குலுக்கல், தவறிப்போய் எடுத்த தரை, ஒரே கோபுரத்தை நாலு தடவை மேலும் கீழும் காட்டியது ஆகியவற்றை வெட்டலாம். எதை வெட்டக் கூடாது? அப்பா படம் எடுப்பதற்கு முன், "எல்லோரும் இங்கன பாருங்க, அந்தச் சிவப்புச் சட்டை கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லும் இடத்தைத் தேவையற்றது என்று நினைத்து முதலில் நீக்கியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அதை ஏன்டா எடுத்துட்ட, அப்பா அதுலதான பேசுறாங்க" என்றாள். திரும்பச் சேர்த்தேன். பந்தி பரிமாறுவது, தண்ணீர் கேட்பது, குழந்தையைத் தேடுவது என்று நாம் அன்று வீண் என்று நினைத்தவைதான் இன்று உயிரோடு இருக்கின்றன. மேடையில் வரிசையாக நின்று பரிசு கொடுப்பதை வேண்டுமானால் சுருக்குங்கள்.

ஒரு வாக்கியத்தின் நடுவில் வெட்டாதீர்கள். பேச்சு முடிந்து, அதற்கு யாராவது சிரித்தால் அந்தச் சிரிப்பும் முடிந்தபின் வெட்டுங்கள். 26 நிமிடக் காதுகுத்து எனக்கு 17 நிமிடமாக முடிந்தது. இரண்டு மூன்று நிமிடத் துணுக்காக ஆக்க முயலவில்லை.

ஒலி

டிஸ்க் கேமராவுக்கென்றே ஒரு சத்தம் உண்டு. உள்ளே டிஸ்க் சுற்றும் மெல்லிய ரீங்காரம். அமைதியான காட்சிகளில் நன்றாகக் கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஒலியை மட்டும் திறந்து, யாரும் பேசாத ஒரு வினாடியைத் தேர்ந்தெடுத்து அதை இரைச்சலின் மாதிரியாகக் காட்டினால் அந்த ரீங்காரத்தை மொத்தத்திலும் குறைத்துத் தரும். 6 டெசிபெல் அளவுக்குக் குறையுங்கள், போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் பரவாயில்லை, குரல் கெடக் கூடாது.

நாதஸ்வரமும் தவிலும் கேமராவுக்குப் பக்கத்தில் ஒலித்த இடங்களில் சத்தம் உடைந்திருக்கும். அங்கே ஒலியளவை இறக்குங்கள், பேச்சு வரும் இடத்தில் ஏற்றுங்கள். ஏற்றம் இறக்கம் இரண்டையும் ஒரு வினாடியாவது எடுத்து மெதுவாகச் செய்தால் காதுக்கு உறுத்தாது.

பின்னணிப் பாட்டு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அன்று கோயிலில் குழாயில் ஓடிய பாட்டு ஏற்கெனவே ஒலியில் இருக்கிறது, அதுவே அந்த நாளின் பாட்டு. கட்டாயம் வேண்டும் என்றால் பெயர் வரும் முதல் சில வினாடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் சினிமாப் பாட்டுக்கு உரிமைப் பிரச்சினை வந்து ஒலியையே அமுக்கிவிடவும் கூடும்.

நிறமும் எழுத்தும்

போகஸ் லைட்டில் எடுத்தது மஞ்சளாகவும், ட்யூப்லைட்டில் எடுத்தது பச்சையாகவும் இருக்கும். வெள்ளை வேட்டி ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு அது வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸை நகர்த்துங்கள், நிறுத்திவிடுங்கள். செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்களை மூல வீடியோவில் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நானும் ஓட்டிப் பார்த்தேன். மங்கலாக நின்ற தாத்தாவுக்குக் கூர்மையான ஒரு முகம் வந்தது, அது தாத்தா முகம் இல்லை.

எழுத்து சேர்ப்பதென்றால் ஊர், நாள், முக்கியமானவர்கள் யார் யாருக்கு என்ன முறை என்பதைச் சேருங்கள். இன்னும் இருபது வருஷம் கழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு, "இது உன் அம்மாவுடைய பெரியத்தை" என்ற ஒரு வரி பெரிய உதவி.

எக்ஸ்போர்ட்

இரண்டு விதமாக எடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள எச்.264, எம்பி4, மூல அளவிலேயே, வினாடிக்கு 50 பிரேம். ஒலி ஏஏசி 256. யூடியூபுக்கு என்றால் 4:3 படத்தை 1440-க்கு 1080 என்றும், 16:9 படத்தை 1920-க்கு 1080 என்றும் பெரிதாக்கி ஏற்றுங்கள். படத்தின் தெளிவு அதனால் அதிகமாகாது. ஆனால் சின்ன அளவில் ஏற்றிய வீடியோவை யூடியூப் கடுமையாகச் சுருக்கும், 50 பிரேம் அசைவும் உயரம் 720 அல்லது அதற்கு மேலே இருந்தால்தான் அங்கே கிடைக்கும். இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி வைத்துவிட்டுக் குடும்பக் குழுவில் போடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடியோவைப் பொதுவில் விட வேண்டாம். வாட்ஸ்அப்பில் நேராக அனுப்பினால் படம் கரைந்துபோகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பத்திரப்படுத்துவது

வைக்க வேண்டியவை மூன்று: டிஸ்க்கின் ஐஎஸ்ஓ, அதிலிருந்து எடுத்த எம்கேவி, எடிட் செய்த வீடியோ. எங்களிடம் இருந்தது 37 டிஸ்க், ஐஎஸ்ஓ மட்டும் சுமார் 50 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வெவ்வேறு வீடு. எங்களுடையது ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம். பென் டிரைவை அனுப்பக் கொள்ள வைத்துக்கொள்ளலாம், வருஷக்கணக்கில் சேமித்து வைக்க அது ஆகாது.

மூல டிஸ்க்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் உறையோடு நிமிர்த்தி அடுக்கி, ஒரு டப்பாவில் போட்டு, வெளியே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது பழையது என்று நினைத்து யாராவது வெளியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முந்தின நாளே டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். அன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் செருகி ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைல் ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டுவது எப்போதும் டிஸ்க் எண் 14, பத்தாவது நிமிடத்திலிருந்து.